இண்டைக்குப் பால் வேண்டாம்

குஞ்சு,

வெள்ளவத்தையில இப்ப உன்ர கதைதான். கலியாணத்தில பொம்பிளை மாப்பிள்ளையின்ர கையால பால் குடிக்கமாட்டன் எண்டுட்டாளாம், அது ஐயரின்ர மைக்கில ஹோல் முழுக்கக் கேட்டுதாம், தகப்பன் மூஞ்சையைத் தூக்கிக்கொண்டு எழும்பிப் போயிட்டாராம். மீன் வாங்கப் போன இடத்தில ஒருத்தர் கேட்டார். கோயில் வாசலில ஒருத்தர் கேட்டார். என்ர கடைக்கு ஆணி வாங்க வந்த மனிசன்கூடக் காசைத் தந்துபோட்டு மெல்லமா, பிள்ளைக்கு விருப்பமில்லாத கலியாணமோ எண்டு கேட்டுது. உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட ஏலுமே? ஊர் என்னவும் கதைக்கட்டும். ஆனா நீ தெஹிவளையில மாப்பிள்ளை வீட்டுக்குப் போய் இறங்கின கையோட, "அப்பா, என்னில கோவமா?" எண்டு ஒரு மெசேஜ் போட்டிருந்தாய். அதைப் பாத்த நேரம் தொடக்கம் எனக்கு இருப்புக் கொள்ளேல்லை. அந்த ஃபோனில என்ர விரலுக்கு நாலு சொல்லுக்கு மேல வராது. நேரில வந்தாலோ நான் கத்துவன், நீ "அப்பா காணும்" எண்டுவாய், கொம்மா ரெண்டு பேரையும் பேசுவா. அதுதான் கடையில இருந்து எழுதுறன். கடைசிமட்டும் வாசி.

கோவமோ இல்லையோ எண்டதைச் சொல்ல நான் கொஞ்சம் பின்னால இருந்து வரோணும். நீ தவழுற வயசு. கொம்மா திரும்பப் பாங்க் வேலைக்குப் போகத் தொடங்கின கிழமை, முதன்முதல் பால்மா கரைச்சு உனக்குப் பருக்கினது நான்தான். போத்தில் பாதி முடிய முதல் உன்ர சொண்டு வீங்கிச்சுது, முகமெல்லாம் தடிச்சுச் சிவந்துது, மூச்சு விசில் அடிச்ச மாதிரிக் கேட்டுது. நான் சாரத்தோட, காலில செருப்பும் இல்லாமல், காலி வீதியில நிண்டு ஓட்டோ மறிச்சனான். அந்தச் சிங்களப் பெடியன் ஒரு கேள்வியும் கேக்கேல்லை. உன்ர முகத்தை ஒருக்காப் பாத்தான், பொரளை ஆஸ்பத்திரிமட்டும் ஹோர்னில இருந்து கை எடுக்கேல்லை. ஆஸ்பத்திரியில ஊசி போட்ட பிறகு நீ வாய்விட்டு அழுதாய் பார், அதுக்கு மேல ஒரு சங்கீதம் நான் இண்டைவரைக்கும் கேட்டதில்லை. பசுப்பாலுக்குக் கடும் அலர்ஜி எண்டிச்சினம். பால், தயிர், நெய், பட்டர், ஐஸ்கிறீம் ஒண்டும் ஆகாது. தப்பித்தவறி உள்ள போனா உடன தொடையில போடச் சொல்லி ஒரு ஊசி தந்து, போற இடமெல்லாம் கொண்டு திரியச் சொல்லிச்சினம். கனபேருக்குப் பள்ளிக்கூடம் போற வயசில தன்ரபாட்டில மாறிப்போகும் எண்டும் சொன்னவை. உனக்கு மாறேல்லை.

அண்டையோட எங்கட ஃபிளாட்டுக்குள்ள பால் வாறது நிண்டுது. நான் பால்தேத்தண்ணிப் பைத்தியம், உனக்குத் தெரியாது. அதை விட்டுட்டு பிளேன்டீக்கு மாறினன். பிஸ்கட் பைக்கட் ஒவ்வொண்டையும் சோதினைப் பேப்பர் மாதிரித் திருப்பித் திருப்பி வாசிச்சன். பேக்கரிக்காரனிட்ட சிங்களத்தில "மேக்கே கிரி தியனவாத?" எண்டு, இதில பால் கிடக்கோ எண்டு கேட்டா, அவன் நிமிந்தும் பாக்காமல் "நே, நே", இல்லை எண்டுவான். பாத்துப்போட்டுச் சொல்லுமன் காணும் எண்டு நான் அந்த இடத்திலயே சண்டை தொடங்குவன். கொம்மா பேக்கரிக்கு வெளியில நிண்டு ஆரோ தெரியாத ஆக்கள் மாதிரி றோட்டைப் பாத்துக்கொண்டு நிப்பா. சொந்தக்காரருக்குள்ள எனக்கு முசுடன் எண்டு பேர் வந்ததும் அப்பதான். பெரியத்தை ஒருநாள் வந்து, இதென்ன கண்டறியாத வருத்தம், பால் குடியாத பிள்ளை உலகத்தில உண்டோ, கொஞ்சம் கொஞ்சமாக் குடுத்துப் பழக்கினா எல்லாம் சரிவரும் எண்டவ. சொன்னதோட விட்டாவே? நான் குளிச்சுப்போட்டு வரேக்க உன்ர சோத்துக்குள்ள ஒரு கரண்டி தயிரைக் குழைச்சுக்கொண்டு நிக்கிறா. கூடப்பிறந்த அக்கா எண்டும் பாக்கேல்லை, பையையும் குடையையும் கையில குடுத்து லிஃப்டுக்குள்ள ஏத்திவிட்டன். அதுக்குப் பிறகு கனகாலம் எங்களோட கதையில்லை. எனக்கு அதில ஒரு மனவருத்தமும் இருக்கேல்லை.

நான் உனக்கு நல்ல காவல் எண்டுதான் நினைச்சுக்கொண்டிருந்தன், குஞ்சு. நீ மூண்டாம் வகுப்புப் படிக்கேக்க கீழ் மாடி அன்ரியின்ர மகளுக்குப் பிறந்தநாள். போக முதல் உனக்கு ஆயிரம் சொல்லித்தான் விட்டனான். நீ திரும்பி வரேக்க கதவைத் தட்டிற சத்தம் சரியில்லாமல் கேட்டுது. திறந்தா, வாசலில சுவரைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாய், கண் ரெண்டும் வீங்கி மூடிப்போச்சுது. கொம்மாதான் ஊசி போட்டவ, நான் ஓட்டோ பிடிக்கக் கீழ ஓடினன். பிறகு ஆஸ்பத்திரிக் கட்டிலில வைச்சு, பட்டர் கேக் எண்டு தெரிஞ்சும் ஏன் சாப்பிட்டனி எண்டு கேட்டன். தெரியும் எண்டாய். பிறகு சொன்னாய், "அன்ரி ஆசையா வாயில தீத்த வந்தவ அப்பா. வேண்டாம் எண்டா அவவுக்குக் கவலையா இருக்கும்." பாலை விட எனக்குப் பயம் வந்தது அந்தக் கதைக்குத்தான். பால் எங்க கிடக்கு எண்டு நான் வாசிச்சுக் கண்டுபிடிப்பன். நீ ஒராளுக்கும் மாட்டன் எண்டு சொல்லமாட்டாய் எண்டா, நான் இல்லாத இடத்தில உன்னை ஆர் காப்பாத்திறது? நான் போற இடமெல்லாம் கத்திக் கத்தி, அப்பாவைப் போல ஒரு காட்சி காட்டக்கூடாது எண்ட வெக்கத்திலதான் நீ வாயை மூடப் பழகினாய் எண்டு கொம்மா சொன்னவ. எனக்கு அவவில கோவம் வந்தது. ஆனா அவ சொன்னது சரி. அதுக்குப் பிறகும் நான் கத்தினனான்தான், பழக்கம் விடுமே?

நீ படிச்சு முடிச்சு வேலைக்குப் போகத் தொடங்கினாப் பிறகு, இந்த வைத்தியத்தை நீயே தேடிப் பிடிச்சுக்கொண்டு வந்தாய். டொக்டர் அம்மா எங்கள் மூண்டு பேரையும் இருத்தி வைச்சு ஆறுதலா விளங்கப்படுத்தினவ. பாலையேதான் மருந்தாக் குடுக்கிறது. தண்ணி கலந்து, துளியிலும் துளியாத் தொடங்கி, ஆஸ்பத்திரியில தான் பாத்துக்கொண்டிருக்கக் குடுப்பாவாம். ஒத்துக்கொண்டா அந்த அளவை ஒவ்வொரு நாளும் வீட்டில குடிக்கோணும், பிறகு திரும்ப ஆஸ்பத்திரியில வைச்சுக் கொஞ்சம் கூட்டுவினம். கொஞ்சம் கொஞ்சமாக் குடுத்துப் பழக்கிறது. எனக்கு உடன பெரியத்தையின்ர முகம் வந்து நிண்டுது. நான் சிரிச்சிட்டன், டொக்டர் அம்மா என்னை ஒரு மாதிரிப் பாத்தவ. கதையைச் சொன்னன். அவ சிரிக்கேல்லை. அந்தக் கரண்டித் தயிர் அண்டைக்குப் பிள்ளையைச் சாகடிச்சிருக்கும், இது அளவு தெரிஞ்சு, ஊசியும் ஒக்சிசனும் பக்கத்தில வைச்சுக்கொண்டு செய்யிற வேலை, ரெண்டும் ஒண்டில்லை எண்டவ. வருத்தம் மாறிப்போச்சு எண்டு ஒருநாளும் நினைக்கவேண்டாம், இது உடம்பைப் பழக்கி வைச்சிருக்கிறது மட்டும்தான், குடிக்கிறதை விட்டா பழையபடி வந்திடும் எண்டும் சொன்னவ. அதோட கொஞ்சச் சட்டங்கள். வெறும் வயித்தில குடிக்கக்கூடாது. காய்ச்சல் நேரம் கூடாது. நித்திரை முழிச்சா கூடாது. குடிச்ச பிறகு ஓடக்கூடாது, படி ஏறக்கூடாது, வெக்கையில நிக்கக்கூடாது. நான் அதைத் தேவாரம் மாதிரிப் பாடமாக்கிக் காலமையில உனக்கு ஒப்புவிப்பன். நீ பல்லைத் தீட்டிக்கொண்டு ஓம் ஓம் எண்டு தலையாட்டுவாய்.

இத்தனை வருசத்துக்குப் பிறகு எங்கட அடுப்பில பால் கொதிச்ச நாள் நினைவிருக்கே? நான் மூக்கைப் பொத்திக்கொண்டு பல்கனிக்குப் போனனான். எவ்வளவு ஆசைப்பட்ட சாமான், இப்ப மணம் பிடிக்கேல்லை. கொம்மா சிரியோ சிரியெண்டு சிரிச்சவ. ஆஸ்பத்திரியில அளவு கூட்டிப்போட்டு வந்த ஒருநாள் லிஃப்ட் வேலை செய்யேல்லை. நாலு மாடிதானே, மெல்லமா ஏறுவம் எண்டு நீ கெஞ்சினாய். நான் விட்டனானே? காவல்கார வோச்சரின்ர கதிரையை வாங்கி உன்னைக் கீழ இருத்தி, பக்கத்தில நானும் வாசல் படியில குந்திக்கொண்டு இருந்தன். போறவாற சனம் எல்லாம், ஏன் தகப்பனும் மகளும் வாசலில, வீட்டில சண்டையோ எண்டு விசாரிச்சுக்கொண்டு போச்சுது. பிறகு ஒருநாள், எனக்குச் சொல்லாமல் குடிச்ச கையோட பஸ்ஸுக்கு ஓடி, பம்பலப்பிட்டி வர முதல் சொண்டு வீங்கி, பஸ்ஸுக்குள்ளயே நீயே ஊசி போட்டாய், கண்டக்டர் பஸ்ஸை நிப்பாட்டி உன்னை ஓட்டோவில ஏத்தி விட்டவர். ஆஸ்பத்திரிக் கட்டிலில உன்னைக் கண்டவுடன, காணும் பிள்ளை, விடுவம், பால் இல்லாமல் ஆரும் சாகேல்லை எண்டு சொன்னவன் நான். நீ மாட்டன் எண்டாய். அது பால் செய்த வேலை இல்லையப்பா, நான் ஓடினது செய்த வேலை எண்டாய். டொக்டர் அம்மா அளவைக் குறைச்சுத் திரும்பத் தொடங்கினவ. நீ ஒரு சொல்லும் முணுமுணுக்கேல்லை.

அப்பிடி அளவு ஏறி ஏறி, ஒருநாள் ஆஸ்பத்திரி அறையில முழுக் கோப்பை பாலைக் குடிச்சு முடிச்சுப்போட்டு, மீசை வைச்சமாதிரி வெள்ளை வாயோட என்னைப் பாத்துச் சிரிச்சாய். நான் டொக்டர் அம்மாவின்ர ரெண்டு கையையும் பிடிச்சுக் கண்ணில ஒத்தினன். அவவுக்கு வெக்கமாப் போச்சுது. வரேக்க முழு வழியும் ஓட்டோக்காரனுக்குக் கதை சொல்லிக்கொண்டு வந்தன். பெரியத்தை பிறகு வந்தவ, வந்து முதல் கதையே, நான் அப்பவே சொன்னனான்தானே எண்டு. அண்டைக்கு எனக்கு ஒருத்தரிலயும் கோவம் வரேல்லை. உள்ளுக்குக் கூப்பிட்டு, என்ர கையால பால்தேத்தண்ணி போட்டுக் குடுத்தன்.

பிறகு கலியாணப் பேச்சு வந்தது. ஆளுக்கு ஆள் புத்தி சொல்லிச்சினம். அலர்ஜி எண்ட கதையை எடுக்கவேண்டாம், வருத்தக்காரப் பிள்ளை எண்டு நினைப்பினம், இப்பதான் பால் குடிக்கிறாளே, பிறகென்ன எண்டிச்சினம். ஏன் பொய் சொல்லுவான், எனக்கும் மனசு கொஞ்சம் ஆடினது. நீயோ, கல்கிசையில அந்தப் பெடியனை முதல் சந்திக்கேக்க, அவர் என்ன குடிக்கிறீங்கள் எண்டு கேட்ட உடனயே பையுக்குள்ள இருந்து ஊசியை எடுத்து மேசையில வைச்சு, எங்க, எப்பிடிப் போடுறது எண்டு காட்டிப்போட்டுத்தான் பேரையே ஒழுங்காச் சொன்னனியாம். அவர் எங்களுக்குப் பிறகு அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சவர். அப்பவே நான் விளங்கியிருக்கோணும், என்ர பிள்ளை பழைய பிள்ளை இல்லை எண்டு. நான் அப்பவும் பாலைத்தான் பாத்துக்கொண்டிருந்தன்.

தாலி கட்டின பிறகு பொம்பிளையும் மாப்பிள்ளையும் ஆளுக்காள் பாலும் பழமும் குடுக்கிறது எங்கட வழக்கம்தானே. நிச்சயம் பண்ணின நாள் தொடக்கம் எனக்கு அதுதான் கனவு. உன்னைப் பாவம் எண்டு பாத்த அத்தனை சனத்துக்கும் முன்னால, மணவறையில, நீ பசுப்பால் குடிக்கோணும். கொம்மா மெல்லமா, தேங்காய்ப்பால் வைப்பமோ எண்டு கேட்டவ. நான் பாஞ்சு விழுந்தன், இவ்வளவு பாடுபட்டது தேங்காய்ப்பால் குடிக்கவோ எண்டு. உன்னட்டச் சொன்னன். "பாப்பம் அப்பா" எண்டாய். நான் அதை ஓம் எண்டு எடுத்தன். வெள்ளிக் கிண்ணம் வாங்கினன். வீடியோக்காரனுக்கு, தாலி கட்டுறது தப்பினாலும் பரவாயில்லை, உந்தப் பால் குடிக்கிறது தப்பக்கூடாது எண்டு சொல்லிவைச்சன். அவன் எனக்கு விசர் எண்டு நினைச்சிருப்பான்.

கலியாணத்தண்டு என்ன நடந்தது? முதல்நாள் முழுக்க மருதோண்டியும் சனமும், உனக்கு ஒரு கண் நித்திரை இல்லை. தாலி ஏறுமட்டும் பொம்பிளை வெறும் வயிறு எண்டு பெரியாக்கள் சொல்லிச்சினம், தாரை வார்க்கிற நானும் கொம்மாவும் விரதம், ஒருத்தருக்கும் வேற யோசனை வரேல்லை. ஹோமப் புகையில, கூறைச்சேலைப் பாரத்தில, அந்த வெக்கையில நீ வேர்த்து ஒழுகிக்கொண்டு இருந்தாய். காலமையில காலமையில அந்தச் சட்டங்களை ஒப்புவிச்ச இந்த மனிசன், ஒரு முழத்துக்கு அங்கால இருந்துகொண்டு ஒண்டையும் நினைக்கேல்லை. நான் வீடியோக்காரன் சரியான இடத்தில நிக்கிறானோ எண்டு பாத்துக்கொண்டு இருந்தன். நீ மாப்பிள்ளைக்குப் பால் குடுத்தாய். அவர் கிண்ணத்தை வாங்கி உன்ர வாய்க்குக் கிட்டக் கொண்டுவந்தார். ஹோலில எல்லாரும் எழும்பி எட்டிப் பாக்கினம். நீ கிண்ணத்தின்ர வாயைக் கையால மூடினாய்.

"இண்டைக்குப் பால் வேண்டாம். நான் சாப்பிடேல்லை, நித்திரையும் இல்லை. பழத்தைத் தாங்கோ."

நீ மெல்லமாத்தான் சொன்னாய், ஐயரின்ர மைக் எல்லாருக்கும் சொல்லிப்போட்டுது. பின் வரிசையில சாப்பாட்டுக்கு இடம் பிடிக்கப் போன சனம்கூடத் திரும்பிச்சுது. மாப்பிள்ளை சரி எண்டு கிண்ணத்தைக் கீழ வைச்சார். ஐயர் கொஞ்சம் முழிச்சுப்போட்டு, பழம் காணும் அம்மா எண்டு மந்திரத்தைத் தொடங்கினார். என்ர பக்கத்தில ஆரோ, சகுனம் சரியில்லை எண்டு குசுகுசுத்தது கேட்டுது. எனக்குக் கோவம் தலைக்கு மேல ஏறினது, அதை மறைக்கமாட்டன். இவ்வளவு சனத்துக்கு முன்னால என்ர மானத்தை வாங்கிப்போட்டாளே எண்டு வாயைத் திறக்கப் போனன். அப்பதான் நீ சொன்னது மண்டைக்குள்ள போனது. சாப்பிடேல்லை, நித்திரை இல்லை. அது ரெண்டும் நான் பாடமாக்கித் தந்தது. நானே மறந்துபோய் இருந்தன், நீ மறக்கேல்லை. அன்ரி கவலைப்படுவா எண்டு கேக்கைத் திண்ட பிள்ளை, புருசன், மாமியார், ஐயர், தகப்பன், இவ்வளவு சனமும் பாத்துக்கொண்டிருக்க, சிரிச்ச முகத்தோட வேண்டாம் எண்டு சொல்லுது. நான் எழும்பிட்டன், குஞ்சு. எழும்பிப் போனது கோவத்தில இல்லை. ஹோலுக்குப் பின்னால, சமையல் கிடாரம் கழுவுற இடத்தில போய் நிண்டு நான் குழந்தைப் பிள்ளை மாதிரி அழுதனான். சமையல்காரர் ஒருத்தர் கதிரை கொண்டுவந்து தந்து, பிள்ளையைப் பிரியிறது கஸ்டம்தான் ஐயா எண்டார். நான் ஓம் எண்டன். நீ காரில ஏறேக்க வாய் திறந்தா திரும்ப அழுதிடுவன் எண்டுதான், ட்ரைவரிட்ட மெல்லமா ஓடச் சொன்னதோட நிண்டன்.

அடுத்தநாள் காலமை சம்பந்தியம்மா கோல் எடுத்தவ. சகுனம் கிகுனம் எண்டு ஏதும் சொல்லப்போறா எண்டு நான் சண்டைக்கு ஆயத்தமா ஃபோனை எடுத்தன். அவ சொன்னது வேற. நீ நல்லா நித்திரை கொண்டு எழும்பி, இடியப்பமும் சொதியும் வடிவாச் சாப்பிட்டுப்போட்டு, நீயே பாலைக் காய்ச்சி எடுத்து, மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, இப்ப தாங்கோ எண்டு கோப்பையை அவரின்ர கையில குடுத்தனியாம். அவர் பருக்க முழுக்கக் குடிச்சுப்போட்டு, அந்தக் கதிரையை விட்டு எழும்பாமல் பேப்பர் வாசிச்சனியாம். நான் அந்தரப்பட்டு, படம் எடுத்தனீங்களோ எண்டு கேட்டன். அதை ஆர் அண்ணை படம் எடுக்கிறது, எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டெல்லோ இருந்தனாங்கள் எண்டு சிரிச்சவ. ஒரு மனிசரும் எழும்பி எட்டிப் பாக்கேல்லை. என்ர பிள்ளை பால் குடிக்கிறதை ஒரு மேசை முழுக்கச் சனம் இடியப்பம் திண்டுகொண்டு கவனிக்காமல் இருந்ததெண்டா, அதைவிட எனக்கு வேறென்ன வேணும்?

இனிப் புத்தி சொல்ல எனக்கு அதிகம் இல்லை. ஒவ்வொரு நாளும் விடாமல் குடி. ஊசியை எங்க வைச்சிருக்கிறாய் எண்டு அந்த வீட்டில எல்லாருக்கும் காட்டிவை. இனியும் சனம் ஆசையாக் கொண்டுவந்து நீட்டும், பாலா மட்டுமில்லை, வேற எத்தினையோவா நீட்டும். உனக்குச் சரிவராத நேரம், அண்டைக்குச் சொன்ன அதே குரலில, சிரிச்ச முகத்தோட வேண்டாம் எண்டு சொல்லு. நான் உனக்காகப் போடாத சண்டை இல்லை, பேக்கரியில, பள்ளிக்கூடத்தில, சொந்தத்துக்குள்ள. அதில ஒண்டிலயும் வெண்டனான் எண்டு எனக்குத் தெரியேல்லை. நீ சத்தமே போடாமல் வெண்டுபோட்டாய். எனக்குக் கோவமில்லை. இண்டைக்குக் காலமை கோயில் வாசலில திரும்பவும் ஒருத்தர் பிடிச்சு, கலியாணத்தில பால் வேண்டாம் எண்ட பொம்பிளை உங்கட மகளோ எண்டு கேட்டவர். சனம் எல்லாம் கேக்கட்டும் எண்டு பலத்துச் சொன்னன், ஓம், அவள் என்ர பிள்ளைதான்.

உன்ர அப்பா